பன்னிரண்டுக்கு ஒன்றரை

இந்த ஊரில் பனிக்கென்று டயர் கிடையாது.
மழைக்கு உண்டு.
ஐப்பசி பிறக்க நாலு நாள் இருக்கையில்
கடலில் ஏதோ சுழல்வதாக ரேடியோ சொன்னது.
அன்றைக்கே பேசின் பாலத்து இறக்கத்தில்
பிரேக்கை மிதித்தால்
வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.

டயர் நாலும் கடனுக்கு.
தண்ணீரைப் பிளக்க ஆழமாய் வரி வெட்டியவை.
வீல் ஓசி.
தங்கை புருஷன் பரந்தாமன் மஸ்கட் போகுமுன்
காரை விற்றான், அலாய் வீலை விற்க மனசில்லை,
வைக்க இடமில்லை, என்னிடம் தள்ளிவிட்டான்.
"உன் வண்டிக்கு அம்சமா இருக்கும்க்கா."

அம்சமாகத்தான் இருந்தது, நாற்பதுக்குக் கீழே.
அறுபதில் ஸ்டீயரிங் நடுங்கியது.
எழுபதில் என் வளையல்கள் பேசிக்கொண்டன.
பின்சீட்டு வக்கீல் கோப்பிலிருந்து தலை தூக்காமல்
"ரோடு சரியில்லம்மா" என்றார்.
ஆமா சார் என்றேன்.
போன வாரம் போட்ட ரோடு.

புதுப்பேட்டை.
பம்பர்கள் தலைக்கு மேல் தொங்கும் சந்தில்
இலியாஸ் விற்பது நட்டு மட்டும்.
பெயின்ட் டப்பாவில், பிஸ்கட் டின்னில்,
கவிழ்த்த ஹெல்மெட்டில் நட்டு.
நான் நீட்டியதை வாங்கி
கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு
அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"இது பால் சீட்டு. உருண்டை.
அலாய்ல இருக்கற குழி கோன்.
புனல்ல கோலிக்குண்டு உக்காந்தா மாதிரி உக்காந்திருக்கு."

ஏறி நின்னு முடுக்கினேனே என்றேன்.

"முடுக்கினே. முடுங்கிச்சு.
நூலளவு வட்டத்துலதான் தொட்டுது."

புதன்கிழமை ஞாபகம் வந்தது.
வலியெடுத்து, கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு,
எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு
வேகமாப் போக்கா வேகமாப் போக்கா என்ற பெண்.
போனேன்.
அந்த நூலில்தான் போயிருக்கிறேன்.

முதல் டப்பா நட்டு இரண்டு சுற்றில் முரண்டியது.
நான் ஸ்பானருக்குக் கை நீட்ட
அவன் தட்டிவிட்டான்.
"விரலால போகணும், ஆறு சுத்து.
ஸ்பானர் கேட்டா அது உன் மரை இல்ல.
உனக்குப் பன்னெண்டுக்கு ஒன்றரை."

டப்பா டப்பாவாய்க் கொட்டினோம்.
பதினைந்து கிடைத்தது.
பதினாறாவது
பில் புத்தகம் பறக்காமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.
எடுத்ததும் ஃபேன் காற்றில்
மூன்று மாதக் கடன் சீட்டு சந்தெல்லாம் ஓடியது.
துரத்திப் பொறுக்கிக் கொடுத்தேன்;
நட்டுக்குப் பத்து ரூபாய் குறைத்தான்.

நடைபாதை ஓரம் ஜாக்கி போட்டு நானே பூட்டினேன்.
ஒன்று, அதற்கு எதிரே ஒன்று.
பக்கத்திலிருப்பது அதன் முறை வரும்வரை
சும்மா இருக்க வேண்டும்.

பழைய பதினாறையும்
எடைக்குப் போடுகிறேன் என்றேன்.
"ஸ்டெப்னி ஸ்டீல்தானே?" என்றான்.
ஸ்டீல்தான்.
"அதுக்கு இந்த உருண்டைதான் சேரும்.
நாலாவது டிக்கில போட்டு வை.
அம்பது கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி முடுக்கிப் பாரு."

அந்த ஐம்பது
கத்திபாராவுக்கு அடியில் வந்தது, சரியான மழையில்,
குவைத்திலிருந்து வந்த ஒருவர் பெட்டியோடு பின்னால் இருக்க.
ஓரங்கட்டினேன்.
"பஞ்சரா?"
இல்ல சார், ரெண்டு நிமிஷம்.

மூன்று வீல் அசையவில்லை.
இடது பின் வீலில் ஒன்று
கால் சுற்று போனது.
எந்த நட்டு, டப்பாவிலிருந்ததா, பில்மேல் இருந்ததா,
தெரியவில்லை. எல்லாம் ஒரே சேறு.

பாலத்தில் எழுபது தொட்டேன்.
வளையல்கள் வாய் திறக்கவில்லை.
பின்னால் மட்டும் கடகடவென்று ஒரு சத்தம்.
அவர் திரும்பிப் பார்த்தார்.
துணியில் முடிந்துவைத்த நாலு.
அது எனக்குத் தெரிந்த சத்தம்.