கேள்வி எண் பதினான்கு

சொந்தத்தில் கட்டியதா, அசலிலா?

பதின்மூன்று வரை தடையில்லாமல் சொல்லிவந்த
பாண்டிலட்சுமி இதற்கு மட்டும் சிரித்தாள்.
"அவுக கமுதிப் பக்கம். எனக்கு உசிலம்பட்டி.
ரிங் ரோட்டுக்கு ஜல்லி அள்ள வந்த எடத்துல பார்த்தது.
கல்யாணத்துக்கு ரெண்டு வீட்டுலயும் ஒரு ஆள் வரல.
இதவிட அசல்ல எங்கிட்டுப் போய்க் கட்ட?"

அசல் என்று தொட்டேன்.
டேப் அடுத்த கேள்வியைத் திறந்தது.

"கிரகணத்தப் பத்திக் கேக்கலியா?
எல்லாரும் அதத்தானே முதல்ல கேட்டாக.
கத்திரிக்கா நறுக்குனியா, ஊக்கு குத்துனியா,
வெளிய வந்து நின்னியான்னு."
இதில் அது இல்லை என்றேன்.
அப்பாடா என்பதுபோல் சேலையை உதறிச் செருகினாள்.

சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா?
எழுந்து போனாள்.
ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து கவிழ்த்தாள்.
காலி அட்டைகள். ஒன்றுவிடாமல்.
"என்னிக்காவது யாராவது கேப்பாகன்னு
எடுத்து வச்சேன்."

அவனியாபுரத்துக்கு இறங்கும் விமானம்
கூரையை உரசுவதுபோல் போனது.
அது தீரும்வரை இருவரும் பேசவில்லை.
தொட்டிலில் துர்கேஷ் முழித்துக்கொண்டான்.
மூக்குக்குக் கீழே உதடு திறந்தே இருந்தது,
சாத்த மறந்த கதவு மாதிரி.
பாலாடையைக் கடைவாயில் சாய்த்து
சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.
அஞ்சு கிலோ வந்ததும் ஆபரேஷனாம்.
இப்போது நாலு எழுநூறு.

பயிற்சியில் ஒரு படம் காட்டினார்கள்:
முகத்தின் இரண்டு பக்கமிருந்தும் சதை
ஒன்றை ஒன்று தேடி நகர்ந்துவரும்.
ஆறு, ஏழு வாரத்துக்குள் சந்தித்தாக வேண்டும்.
அதற்கப்புறம் காத்திருக்காது.

"ஆனியில முழுகாம ஆனேன்" என்றாள்.
விரலை மடக்காமலே கணக்கு வந்தது எனக்கு.
"ஆடி பூரா காத்து இங்கிட்டுத்தான்.
குப்பமேட்டுல பத்துற தீ எல்லாம்
நேரா நம்ம வீட்டுக்குத்தான் விருந்தாடி.
ஐப்பசியில திரும்பிக்கிரும்.
காலையில கொடியில கெடக்குற வெள்ளத் துணியப் பார்த்தாத் தெரியும்,
ராத்திரி காத்து யாரு பக்கம்னு."

காற்றை அளக்கும் பெட்டி எங்களிடமும் உண்டு.
எட்டு கிலோமீட்டர் தள்ளி
ஒரு கல்லூரி மொட்டைமாடியில்,
வேப்பமரத்துக்கு மேலே.

அதனால்தான் இது என்று சொல்லாதீர்கள்,
டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.
ஆயிரம் வீட்டைக் கூட்டினால் ஒரு எண் கிடைக்கும்.
அந்த எண்
எந்த ஒரு வீட்டுக்கும் பதில் சொல்லாது.
எனக்குப் புரிந்ததுதான்.
அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு
புரியவைக்கத்தான் தெரியவில்லை.

குரலைத் தாழ்த்தினாள்.
"அதுல பாதித் தீ எம் புருசன் வைக்கிறது.
வயர எரிச்சாத்தான் செம்பு.
கிலோ அறுநூறு. தொட்டில் அந்தக் காசுதான்.
எழுதிறாதீக."
எழுத இடமே இல்லை என்று
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
குடும்ப நோய் இருக்கிறது. புகையிலை இருக்கிறது.
புகை இல்லை.

அம்மா என்று சொல்ல உதடு இரண்டும் ஒட்ட வேண்டும்.
அப்பாவுக்கும்.
புகைக்கும்தான்.
வரும் ஆடிக்குள் தையல் காய்ந்துவிடுமா இவனுக்கு,
மெல்லக் கேட்டேன்.
அவள் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது என்று
டேப் பச்சையாகச் சொன்னது.
செருப்பை மாட்டும்போது கூப்பிட்டாள்:
"இந்த அட்டையவாச்சும் படம் எடுத்துக்கங்க."
டேப்பில் படத்துக்கு வழியில்லை.
என் போனில் எடுத்தேன்.
சிமெண்ட் தரையில் பரப்பிய வெள்ளி அட்டைகள்,
ஓரத்தில் அவள் கால் பெருவிரல்.

இடமில்லை, தேவையற்றதை நீக்கவா என்று
வாரம் ஒருமுறை போன் கேட்கிறது.
பிறகு பார்க்கலாம் என்று தொடுகிறேன்.