கால் அங்குலம்

காரங்காட்டு ஃபுளோரா
தலையணை உறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தாள்.
விரித்தால், ஆவுளியா.
பதினோரு மாதத் தையல்.
ஏழு சாம்பல் நூல்; எட்டாவது
தொண்டிக் கடைகளில் கிடைக்கவில்லையாம்,
அதனால் வால் மட்டும் கொஞ்சம் நீலம்.

"பளபளன்னு போட்டுக் குடுங்க பாய்."

பளபளப்பு கிடக்கட்டும்.
இந்தக் காற்றில் ஆணிக்கு ஆயுள் ஆறு மாதம்.
குண்டூசி குத்தினால்
துரு அதன் வயிற்றில் இறங்கும்.
பசை தடவினால் பழுப்பு.
கல்யாணப் போட்டோவுக்கு வைக்கிற அட்டை ஆகாது,
மதுரையிலிருந்து வேறு வரவேண்டும், புதன்கிழமை.

குழாயில் வருவது உப்பு.
கேன் தண்ணீர் வாங்கி, பிழியாமல் அலசி
நிழலில் கிடத்தினேன்.
பிறகு கவிழ்த்து வைத்து
அட்டையின் முதுகில்
ஓரத்துக்கு ஓரம் நூலை இழுத்துக் கட்டினேன்.
கடைக்கு வருமுன் வலை பொத்திய கை இது.

ஒருமுறை என் வலையிலும் ஒன்று.
இருட்டில் தெரியவில்லை.
மூச்சுக்கு மேலே வரப் பார்த்திருக்கிறது.
நாங்கள் அறுத்துவிட்டபோது
அது நீந்தவில்லை.

சனிக்கிழமை வந்தாள்.
ஆள்காட்டி விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.
"ஒட்டாம நிக்குதே, ஏன்?"

ஈரம் கோத்தால் நூல் பூத்துவிடும் என்றேன்.
கால் அங்குலம் இருக்கட்டும் என்றேன்.
வெயில் படாத சுவரா பார்த்து மாட்டு,
அடுப்புப் பக்கம் வேண்டாம்.

எல்லாம் உண்மைதான்.

ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு
பேருந்தில் ஏறினாள்.
ஜன்னலோரம் இடம் இருந்தும்
வெயில் என்று உள்பக்கம் உட்கார்ந்தாள்,
கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி.