நகக்குழி

நாற்பத்து மூன்று மடக்குக் கத்திகள்.
அத்தனையும் மரப்பிடி.
கொம்புப் பிடி என்றால் எந்தப் பசுவோ என்று கை கூசும்.
பிளாஸ்டிக் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பேரி, பீச், வால்நட்,
ஆடு நக்கியதுபோல் வழவழத்த ஆலிவ்,
உள்ளங்கையில் மூன்று நாள்
வாசம் விட்டுப்போகும் ஜூனிப்பர்.
ஈரக் காலத்தில் மரம் ஊதிக்கொள்ளும்,
அலகு வெளியே வராமல் அடம் பிடிக்கும்.
பிடியின் பின்புறத்தை மேசையில் ஒரு தட்டு.
சவோயில் மழை பெய்தால்
வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம்.

வலுவார் மலைமேல்
ரோப்வே சக்கரங்களுக்கு எண்ணெய் போடுகிறவள் நான்.
கோடையில் பனிச்சறுக்குக்காரர்கள் இல்லை,
காலி நாற்காலிகள் காற்றில் ஆடும்.
ஞாயிறு வந்தால் கீழே இறங்கி
ஷாம்பெரியின் பழைய சாமான் சந்தையில்
துரு துடைத்து, விரித்து, மடக்கி,
வெயில் ஏறும்வரை பேரம் பேசுவேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.
நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட
என் கைக்குத் திறந்ததில்லை.

நகம் மாட்டி இழுக்க
அலகில் ஒரு பிறைக்குழி வெட்டுவார்கள்.
எப்போதும் ஒரே பக்கம்.
வலது பெருவிரலுக்கு.
என் வலது பெருவிரல்
அழைப்புமணி அழுத்தத்தான் லாயக்கு.
இடக்கைக்காரி நான்;
ஐகாரம் தேய்ந்தால் இடக்குக்காரி.
கடைக்காரன் பார்க்காதபடி திரும்பி நின்று
ஆள்காட்டி விரலால் நோண்டித் திறப்பேன்,
அடுத்த வீட்டுப் பூட்டைப் போல.

ஜூன் மாதம். ஃபிர்மேனின் விரிப்பு.
செத்தவர் வீடுகளைக் காலி செய்து விற்கிறவன்.
பிஸ்கட் டப்பா நிறையக் கரண்டிகள்,
கரண்டிகளுக்கு அடியில் ஒரு கத்தி.
செர்ரிப் பிடி.
சூட்டுக்கம்பியால் எழுதிய இரண்டு எழுத்து,
அதில் ஒன்று தேய்ந்தே போயிருந்தது.
எடுத்தேன்.
திறந்துகொண்டது.

புரியவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன்.
தொழிற்சாலைக் குழி அந்தப் பக்கம்
கறுத்து, விரல் படாமல், அப்படியே.
இந்தப் பக்கம் இன்னொரு குழி:
கோணல், ஆழம் சமமில்லை,
யாரோ சமையலறை விளக்கடியில்
உட்கார்ந்து ராவியது.
முதல் முயற்சி வழுக்கியிருக்க வேண்டும்,
அலகு நெடுக ஒரு கீறல்.

"அது கெட்டுப்போனது மேடம், நாலு யூரோ போதும்."
பத்து கொடுத்தேன்.
மிச்சம் வாங்கவில்லை.

ஆணோ பெண்ணோ,
காளான் அறுத்தாரோ, கடிதம் பிரித்தாரோ,
இடக்கைக்காக யாரிடம் என்ன கேட்டாரோ,
எனக்குத் தெரியாது.
ஒரு நாள் சாயங்காலம்
போதும் என்று எழுந்து
அரம் தேடியிருக்கிறார்.
அது தெரியும்.

அன்றிரவு பட்டறையிலிருந்து
வைரப்பொடி அரத்தைக் கொண்டுவந்தேன்.
முதலில் பேரி. வழுக்கியது.
எனக்கும் ஒரு கீறல், நெடுக.
ஏழாவதில் கை படிந்தது.
விடியும்போது பதினொன்று.
மேசையெங்கும் இரும்புத் தூள்,
காப்பியில்கூட.

ஆன்செல்ம் வந்தான்.
கண்ணாடிப் பேழையில் வைத்து
பருத்திக் கையுறையோடு கத்தி தொடுகிறவன்.
ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"பைத்தியமா உனக்கு? மதிப்பு பாதி போச்சு!"
தலையில் கை வைத்துக்கொண்டான்.
எந்தக் கை என்று பார்த்தேன்.
வலது.

ஆலிவ் பிடியை மட்டுமாவது
தன்னிடம் விற்றுவிடச் சொன்னான், தீண்டுவதற்குள்.
கொடுத்துவிட்டேன், நல்ல விலைக்கு.
அது எப்படியும் எனக்கு ஒத்துவராத கத்தி.

இன்று மழை. மேலே சக்கரங்கள் நிற்கின்றன.
சாப்பாட்டு நேரம், ரொட்டி, ஒரு துண்டு தோம் பாலாடைக்கட்டி.
செர்ரிப் பிடி ஊதிக்கொண்டது.
கோணல் குழியில் நகம் மாட்டி இழுக்கிறேன்,
அலகு வரவில்லை.
மேசையில் ஒரு தட்டு.
அதற்கு எந்தக் கையானாலும் சரிதான்.