உப்புத் தீவுகள், இரண்டாம் வாரம்

பன்னிரண்டு ஜிபி.
தங்கச்சிமடத்தில் டவர் ஒழுங்காய்க் கிடைப்பது
ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான்.
மூன்று ராத்திரி இறங்கியது அந்தக் கடல்.
தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் கரண்ட் போனது.

பழைய ஆட்டத்தில் கடல் கிடையாது.
கோட்டைக்கு அந்தப் பக்கம்
நீலம் பூசிய சுவர் ஒன்று இருந்தது.
நானூறு மணி நேரம் அதன் முன்னால் நின்று
எலும்புக்கூட்டுப் படைகளை வெட்டியிருக்கிறேன்.
இப்போது காசு கொடுத்தால் சுவர் திறக்கிறது.
நண்டுக் கம்பெனியில் இரண்டு நாள் கூலி.

என் வீராங்கனை பெயர் டெல்சியா இரண்டு.
வெறும் டெல்சியாவை
யாரோ முன்பே எடுத்திருந்தார்கள்.

படகில் ஏறிய முதல் நிமிடமே தெரிந்துவிட்டது,
இதைச் செய்தவன் கடலை
ஓட்டல் மாடியிலிருந்து பார்த்தவன்.
அலை நல்ல அலைதான்,
ஆனால் பதினோரு வினாடிக்கு ஒருமுறை
அதே அலை வருகிறது.
காற்று எப்போதும் முதுகுக்குப் பின்னால்.
கச்சான் இல்லை, சோழகம் இல்லை.
வாடை இல்லை,
இரண்டு அர்த்தத்திலும்.

வெளிச்சத்தை மட்டும்
யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.
ஆழம் குறைந்த இடத்தில்
தண்ணீருக்கு அடியில் மணல் வரி வரியாய்,
பாசி ஒரு பக்கம் சாய்ந்து,
குருசடைத் தீவுப் பக்கம் பார்த்தது போலவே.
கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு
சும்மா மிதக்க விட்டேன்.
பின்னாலிருந்து பூதம் ஒன்று வந்து
என்னைத் தின்றுவிட்டது.
பரவாயில்லை.

மூன்றாம் தீவில் ஒரு மீன்காரன்,
தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி.
'வீராங்கனையே, எனக்கு ஐந்து நண்டுகள் வேண்டும்.'
யாரிடம் கேட்கிறான் பாருங்கள்.
கொடுத்தேன். முந்நூறு பொற்காசு.
ஓடு உடைக்கச் சொல்லவில்லை,
கால் சதை தனி, உடம்புச் சதை தனி என்று
பிரிக்கச் சொல்லவில்லை,
விளக்குக்கு அடியில் தட்டை நீட்டி
ஓட்டுத் துணுக்கு தேடவில்லை.
மறுபடி பேசினால் மறுபடி ஐந்து கேட்கிறான்.
வெட்டுப்பட்ட விரல் எரிய எரிய
டபிள்யூ தேய்ந்துபோன கட்டையை அழுத்தி
ராத்திரி முழுக்க
அவனுக்கே நண்டு பிடித்தேன்.

கலங்கரை விளக்குக்காரி
'புயல் வருகிறது' என்கிறாள்.
இரண்டு வாரமாய் அதே பேச்சு.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால்
புயல் வந்தாலும் வராவிட்டாலும்
படகு போகாது, நண்டு வராது,
கம்பெனி பூட்டு, கூலி கிடையாது.
அவளிடம் இதைச் சொல்ல வழியில்லை.
எனக்குக் கொடுத்திருப்பது மூன்று பதில்கள்:
உதவுகிறேன்.
பிறகு வருகிறேன்.
விடைபெறுகிறேன்.

நேற்று கிழக்கே போய்க்கொண்டே இருந்தேன்.
வரைபடம் முடியும் இடத்தில் திரையில் எழுத்து:
'இதற்கு அப்பால் எதுவும் இல்லை.'
படகு தானாகவே, முகம் கோணாமல்,
மூக்கைத் திருப்பிக்கொண்டது.

செல்டன் அண்ணனை எழுப்பிக் காட்டினேன்.
போன வருஷம் ஏழு மாதம்
அந்தப் பக்கத்துச் சிறையில் இருந்தவன்.
லுங்கியை இறுக்கிக்கொண்டு
ஸ்டூலில் உட்கார்ந்தான்.
'இன்னொரு தடவை போ' என்றான்.
போனேன். திரும்பியது.
'இன்னொரு தடவை.'
நாலாவது தடவைக்குப் பிறகு
தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

கடைசிப் பூதத்தை இன்னும் கொல்லவில்லை.
அதன் குகை வாசல் வரை போய்
மூன்று முறை திரும்பிவிட்டேன்.
அவசரம் ஒன்றும் இல்லை.

ஐந்தரைக்குக் கம்பெனி வேன்.
சேமிக்கவா என்று கேட்டது. சரி என்றேன்.
மீன்காரன் தீவில் படகை நிறுத்திவிட்டுக்
கட்டுவதற்குக் கயிறு தேடினேன்.
எந்தப் பொத்தானிலும் கயிறு இல்லை.
இங்கே விட்ட இடத்தில் நிற்குமாம்.
அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

பத்து மணி வாக்கில்,
கையுறைக்குள் ஐஸ் தண்ணீர் இறங்கியபோது,
ஒரு நினைப்பு வந்தது:
படகு நிற்கிறதா.