போட்டுப் பார்க்காமல்

முப்பது வருசமாக ஒரே பதில்தான் வைத்திருந்தேன்,
தண்ணி இருக்குமுங்களா என்று கேட்கிறவர்களுக்கு:
போட்டுப் பார்த்தாத்தானுங்க தெரியும்.

அடிக்கு இத்தனை என்று பேசி
சத்தீஸ்கர் வரைக்கும் ரிக்கு வண்டி ஓட்டிப்போனவன்.
ஊசி இல்லை, கத்தி இல்லை, சும்மா படுங்க என்று
ஈரோட்டில் ஒரு மாடியறையில் சொன்னபோது
சிரிப்பு வந்தது.

இரண்டு கையிலும் பட்டை, இரண்டு கணுக்காலிலும் பட்டை.
ஜெமிலா என்று பெயர் குத்தியிருந்த பெண்
பேசாதீங்க என்றாள்.
நாலும் ஒரே மூச்சில் உப்பின.
கம்ப்ரசர் சத்தம்.
சின்னது, ஆனால் எங்கள் வண்டியின் வம்சம்.

அப்புறம் கழுத்தில் சில்லென்று ஜெல்.
திரையில் ஒரு வாய்க்கால்,
கரையோரம் வெள்ளையாக ஏதோ படிந்து.
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
வெள்ளகோவில் பக்கம் உப்புத்தண்ணியில் கிடந்து
கழற்றிய பைப்பின் உள்வாயைப் பார்த்திருக்கிறேன்,
சுண்ணாம்பு கட்டி, விரல் நுழையாது.

"வலப்பக்கம் அலை நொடிக்குப் பதினெட்டு மீட்டர் போகுதுங்க."
வேகம்தானே, நல்லதாச்சே என்றேன்.
எழுதுவதை நிறுத்தினாள்.
"இளகின குழாயில மெதுவாப் போகுமுங்க.
இறுகினாத்தான் இந்த ஓட்டம்."

கேசிங் பைப்பில் சுத்தியலால் ஒரு தட்டு,
மறுமுனையில் கை வைத்தவனுக்கு அப்போதே தெரியும்.
ரப்பர் ஹோசில் தட்டினால் வந்து சேர்வதற்குள் செத்துவிடும்.
இரும்பு எனக்குத் தெரியும்.
நான் இரும்பாகிக்கொண்டிருந்தது தெரியாது.

"நடக்கையில கெண்டைக்கால் பிடிக்குதுங்களா?"
இல்லை என்றேன்.
தாளைத் திருப்பிக் காட்டினாள்.
கையில் நூறு என்றால்
இடது கணுக்காலில் எழுபத்தெட்டு.
நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே
கால் சொல்லி முடித்திருந்தது.

அறச்சலூரில் ஒருதரம் ஆயிரத்து நூறு அடி.
வெறும் புழுதி.
தோட்டத்துக்காரர் தலையெல்லாம் வெள்ளையாக வந்து நின்று
"போடறதுக்கு முன்னால சொல்ல ஒரு வழியும் இல்லீங்களா" என்றார்.
முகம் பார்க்காமல் நான் அடிக்கணக்குப் போட்டேன்.
படியிறங்கும்போது அந்தாள் ஞாபகம்.

திருச்செங்கோட்டு மலையேறும்போது
வருசா வருசம் அறுபதாம் படியில் எனக்கு ஒரு போன் வரும்.
யாரும் அழைக்காத போன்.
சரிங்க, சரிங்க, நாளைக்கு வண்டி வந்துருமுங்க,
வலி இறங்கும்வரை காதில் வைத்துப் பேசுவேன்.
மரகதா ரெண்டு படி மேலே நின்று
கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெருந்துறை ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு
இருநூறு எட்டு இருக்கும்.
பாதியில் பிடித்தது.
வழக்கம்போலப் போனை எடுத்தேன்,
நம்பரையும் போட்டேன்.

"சொல்லுங்க" என்றாள்.
லாரி ஒன்று போய் முடியட்டும் என்று இருந்தேன்.
நின்னுட்டிருக்கறேன் மரகதா, என்றேன்,
கால் வலிக்குது.