அரை நொடி

காலை ஒன்பதே முக்காலுக்கு
ஏழு பேரும் எழுந்து நிற்பார்கள்.
கல்மண்டபம் அருகே
கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசுக்கு மேல்மாடி.
உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடும் என்பதால்
நிற்க வேண்டும், அதுதான் முறை.
தண்ணீர் கேன் பக்கத்தில்
நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன், நோட்டுப் புத்தகத்தோடு.
முனைவர் பட்டத்துக்கு அவ்வளவு சலுகை.

நேற்று என்ன முடித்தாய்?
இன்று எதைத் தொடுவாய்?
தடை ஏதும் உண்டா?

"கொருக்குப்பேட்டை கேட்டு" என்றான் டில்லிபாபு.
"ரெண்டு கூட்ஸு. இருவத்திரண்டு நிமிஷம்."
சிரித்தார்கள்.
நான் 'சூழல்' என்று எழுதினேன்,
அடித்துவிட்டு 'நகைச்சுவை' என்றேன்,
அதையும் அடித்தேன்.

எந்தக் கண்டெய்னர் எந்த யார்டில் என்று
நொடியில் சொல்லும் மென்பொருள் அவர்களுடையது.
ஜன்னலுக்குக் கீழே டிரெய்லர்கள்
நேற்று நின்ற இடத்திலேயே நிற்கும்.
சக்கரத்து நிழலில் ஸ்டவ் பற்றவைத்து
கிளீனர் ஒருவர் குழம்புக்குப் புளி கரைப்பார்.

செவ்வாய்தோறும் சீட்டு.
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று.
வரப்போகும் வேலை எவ்வளவு பெரியதென்று
அவரவர் மனதில் ஒரு எண்.
"போடு" என்றதும்
எல்லாரும் ஒன்றாக உருவி நீட்ட வேண்டும்.
ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றக் கூடாது.

அனுமதி வாங்கிப் பிடித்த வீடியோவை
தண்டையார்பேட்டை வீட்டில்
எதிர்வீட்டு சீரியல் சத்தம் அடங்கிய பிறகு
மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.
டில்லிபாபுவின் எட்டு பாதி வெளியே வந்து
உள்ளே போய் ஐந்தாக வருகிறது.
நஸ்ரினின் விரல் ஒரு சீட்டு தாண்டி நகர்கிறது.
ஆறு ஜோடிக் கண்ணும்
லீட் கனகவேலின் மணிக்கட்டில்.
அரை நொடி.
பதினேழு செவ்வாய், நூற்று நாற்பது சுற்று,
திரும்பத் திரும்ப அதே அரை நொடி.

"அரை நொடியை வெச்சு ஒரு அத்தியாயமாம்மா?"
என்றார் கைடு.

பதினெட்டாம் செவ்வாய்.
சுங்கப் படிவத்தை மாற்றும் வேலை.
"போடு" என்ற சொல் முடியுமுன்
பெட்ரீஷியா நீட்டிவிட்டாள்: பதின்மூன்று.
சேர்ந்து நாற்பது நாள். காசிமேடு.
கனகவேல் கையில் மூன்று.
மற்றவர்களுக்கு எதை உருவுவதென்று தெரியவில்லை.
கீழே ஒரு டிரெய்லர்
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும்.

டீக்கடையில் கேட்டேன், பார்க்கவில்லையா என்று.
"ஏலத்துல எதிராளி மூஞ்சியப் பாத்தா
வெல எறங்கிடும்க்கா."

படிவ வேலை ரெண்டே நாளில் முடிந்தது.
கனகவேல் சொன்னதே அதிகம்.
பெட்ரீஷியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
ஒரு வாரம் அவளைப்
'பதிமூணு' என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் அடுத்த செவ்வாய்
டில்லிபாபுவின் எட்டு எட்டாகவே வந்தது.
நஸ்ரின் இரண்டு போட்டுவிட்டு
ஏன் என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.
கனகவேல் சீட்டை உருவாமல்
முதல் முறையாக
மற்றவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எந்தத் தலைப்பும் பொருந்தவில்லை.
தேதியை மட்டும் குறித்தேன்.

அன்று மாலை கொருக்குப்பேட்டை கேட்டில்
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நிற்கையில்
வீடியோ காலில் கைடு.
அஞ்சாவது வருஷம்,
இன்னும் எத்தனை மாசம், சொல்லு.
போன் திரையில் அவர் புருவம்
கடுகளவு ஏறியது.
பார்த்தேன்.

"அஞ்சு, சார்."

கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.
பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்,
எனக்கா ரயிலுக்கா தெரியவில்லை.
பதின்மூன்று என் கைக்குள்ளேயே
வியர்த்துக்கொண்டிருந்தது.