பின் சீட்டு

திருக்கோவில் சந்தியில் வைத்துச் சொல்லத் தொடங்கினேன்:
லீட்டருக்கு இருபது ஓடும்,
ஏசி அஞ்சு நிமிசத்தில ஜில்லெண்டு,
ரிவர்ஸ் கமெராவும் இருக்கு.

மருத்துவமாது சசிரேகா ஸ்டியரிங்கைத் தொடவில்லை.
பின்கதவைத் திறந்து
கால் மடக்கிப் படுத்துக்கொண்டாள்.
"கோமாரிப் பக்கம் விடுங்க.
பள்ளம் கண்டா விலக்காதீங்க."

மூன்றாம் பள்ளத்தில் தலை கதவில் இடித்தது.
பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் முனக,
"ஏசிய நிப்பாட்டுங்க" என்றாள்.
அதன்பிறகு ஏறியது.

இறங்கிச் சீலையை உதறினாள்.
"வலி வந்தவள் இதில
ஆஸ்பத்திரி மட்டும் தாங்க மாட்டாள்.
ஷொக் நாலும் மாத்தித் தந்தா
நீங்க சொன்ன இருபத்தேழு லட்சம்."

பதினொரு வருசம் கார் விற்கிறேன்.
இரவு, கேற்றைப் பூட்டிவிட்டு,
முதன்முதலாய்
அங்கே படுத்துப் பார்த்தேன்.
கூரையில் ஒரு சின்ன விளக்கு.
அது எரியவில்லை.
அதை அவள் சொல்லவேயில்லை.